பெறுபேறு கூடியது எதனால்? மலையகப் பாடசாலைகளில் ஒரு முயற்சியின் பயனைச் சரிபார்க்கும் முறை

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் சென்று, பின்னர் தோட்டப் பாதையில் நடந்து ஏற வேண்டிய, தரம் 11 வரை மட்டுமே உள்ள ஓர் இரண்டாம் வகைப் பாடசாலையில், தரம் 11 மாணவர்களுக்காக நாங்கள் பத்து மாதங்கள் மாலை நேரக் கணித வகுப்பு நடத்தினோம். முந்திய ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய 24 பேரில் 11 பேர் கணிதத்தில் சித்தியடைந்திருந்தார்கள். எங்கள் வகுப்பு நடந்த ஆண்டில் தோற்றிய 19 பேரில் 13 பேர் சித்தியடைந்தார்கள். 46 சதவீதமாக இருந்தது 68 சதவீதமாயிற்று. பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்; நாங்களும் அதை மன நிறைவோடு ஏற்றுக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து, வேறொரு தேவைக்காக அனுமதிப் பதிவேட்டையும் வரவு இடாப்பையும் அருகருகே விரித்து வைத்துப் பெயர்களைச் சரிபார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. முந்திய அணியில் தரம் 10 தொடங்கியபோது இருந்த பெயர்கள் 26. அவர்களுள் இருவர் மட்டுமே பரீட்சைக்கு முன் விலகியிருந்தார்கள். எங்கள் அணியில் 27 பெயர்கள் இருந்தன. பரீட்சை மண்டபம் வரை வந்தவர்கள் 19 பேர். மற்ற எட்டுப் பேரும் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்விட்டிருந்தார்கள். தரம் 10 தவணைப் பரீட்சைகளில் கணிதத்தில் ஆகக் குறைந்த புள்ளி பெற்றவர்களில் பெரும்பாலானோர் அந்த எட்டுப் பேருக்குள் இருந்தார்கள். தரம் 10 இன் பெயர்ப்பட்டியலை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டால் முந்திய ஆண்டு 42 சதவீதம், எங்கள் ஆண்டு 48 சதவீதம். 22 புள்ளி உயர்வு ஆறாகச் சுருங்கிவிட்டது. அந்த ஆறையும் முழுமையாக எங்கள் வகுப்பின் கணக்கில் எழுத முடியாது, ஏனெனில் அதே ஆண்டின் முதலாம் தவணையில்தான் பயிற்றப்பட்ட கணித ஆசிரியர் ஒருவர் அந்தப் பாடசாலைக்கு இடமாற்றம் பெற்று வந்திருந்தார்.

மேலதிக வகுப்பு, காலை உணவு, நூலகம், ஒளிப்பட எறிவி, புதிய கற்பித்தல் முறை என்று பாடசாலைக்குள் எதையாவது கொண்டுவர எண்ணும் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும், பழைய மாணவர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஒரு முயற்சி பயன் தந்ததா என்பதை அறிவது ஏன் கடினம் என்பதையும், சிறிய பாடசாலையில், கையில் இருக்கும் பதிவேடுகளைக் கொண்டே அதை எவ்வளவு தூரம் சரிபார்க்கலாம் என்பதையும் சொல்ல முயல்கிறேன். மலையகப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாட்கள் ஏற்கெனவே குறைவாகவே கிடைக்கின்றன. அவற்றுள் ஒரு மணி நேரத்தைப் பயனற்ற ஒன்றுக்குக் கொடுப்பது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

தேயிலை மலையிலிருந்து ஒரு பாடம்

ஏழாம் நம்பர் மலைக்கு உரம் போட்ட பிறகு கொழுந்து நிறை கூடியது என்று வைத்துக்கொள்வோம். உரத்தால் கூடியதா, அந்த வாரம் பெய்த மழையால் கூடியதா, பருவமே கொழுந்துப் பருவமா, அல்லது கவ்வாத்து (செடிகளை வெட்டிவிடுதல்) முடிந்து அந்த மலை இப்போதுதான் நன்றாகத் துளிர்க்கும் ஆண்டா என்று யாரும் கேட்பார்கள். மழையில் நனைந்த கொழுந்தைத் தராசில் வைத்தால் நிறை கூடும் என்பதற்காகத்தான் ஈரத்துக்கென்று நிறையில் கழிக்கிறார்கள். பிள்ளையின் புள்ளியிலும் இப்படி ஈரம் இருக்கிறது. அதைக் கழிக்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷருடன் சேர்ந்து வயற்பரிசோதனைகள் செய்த டி. ஈடன் பின்னர் இங்கு வந்து, ஒரே மலையிலேயே ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் விளைச்சல் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை 1930களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தார். மலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டுக்கு உரம் போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்து, பின்னர் ஒப்பிடுவதே அந்த முறையின் சாரம். நல்ல மண் உள்ள துண்டுக்கு மட்டும் உரம் போட்டுவிட்டு, உரம் வேலை செய்கிறது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே சீட்டு. தேயிலைச் செடிக்கு நம் மலைகளில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் காட்டப்பட்ட இந்தக் கவனத்தை, அந்தச் செடியைப் பராமரிப்பவர்களின் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வகுப்புக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட வேண்டாம்

இதுவே மிக அடிக்கடி நடக்கும் தவறு. “எங்கள் மாலை வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சித்தியடைந்தார்கள், வராதவர்களில் கால்வாசிப் பேர்தான் சித்தியடைந்தார்கள்” என்று அறிக்கைகளில் எழுதுகிறோம். கேட்பவருக்கும் அது சான்று போலத்தான் தோன்றும்.

மேலே சொன்ன பாடசாலையில் வரவு இடாப்பின் ஓரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு) என்று பென்சிலால் குறித்துப் பார்த்தேன். பாடசாலைக்குக் கீழே உள்ள லயங்களிலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) வந்தவர்களின் வரிசையில் ஏறக்குறைய எல்லா நாளும் வரவு இருந்தது. மேல் டிவிஷன் பிள்ளைகளின் வரிசையில் வாரத்துக்கு ஒரு வரவு, சில வாரங்களில் அதுவும் இல்லை. மேல் டிவிஷனுக்கு ஐந்தரை மணிக்கு மேல் பனிமூட்டத்தில் பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை பிள்ளைக்காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து) தம்பி தங்கையை அழைத்துப் போய்க் கவனிப்பதும் அந்தப் பிள்ளையின் வேலைதான். கீழ் லயங்களிலோ, கடை வைத்திருப்பவர், தோட்ட அலுவலகத்தில் வேலை செய்பவர், பிள்ளையைச் சனிக்கிழமை ஹட்டனுக்குப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பும் வசதி உள்ளவர் என்று சிலர் இருந்தார்கள். எனவே வந்தவரையும் வராதவரையும் ஒப்பிட்டபோது நாங்கள் ஒப்பிட்டது இரண்டு லயங்களின் வாழ்க்கையை. வகுப்பு நடந்திருக்காவிட்டாலும் அந்த இடைவெளி இருந்திருக்கும்.

ஆராய்ச்சியாளர்களும் இந்த இடத்தில் தவறியிருக்கிறார்கள். மேற்குக் கென்யாவில் சுவர் வரைபடங்களும் புரட்டும் படத்தாள்களும் வைத்திருந்த பாடசாலைகளின் பிள்ளைகள் கூடுதல் புள்ளி பெற்றிருப்பதைப் பழைய தரவுகள் காட்டின. பின்னர் 178 பாடசாலைகளை எடுத்து, அவற்றில் பாதிக்கு மட்டும் படத்தாள்களை வழங்கிச் சோதித்தபோது, இரு பகுதிப் பாடசாலைகளின் புள்ளிகளுக்கும் இடையே வேறுபாடு எதுவும் தென்படவில்லை. படத்தாள் வாங்கி வைக்கும் பாடசாலை வேறு பல வகைகளிலும் முன்னேறிய பாடசாலையாகவே இருந்திருக்கும். பழைய தரவுகள் காட்டியது அந்த முன்னேற்றத்தைத்தான்.

இதைத் தவிர்க்க நம்மால் செய்யக்கூடிய நல்ல வழி, இடம் குறைவாக இருக்கும்போது சீட்டுப் போடுவதுதான். 20 பேருக்கு மட்டும் இடமுள்ள வகுப்புக்கு 45 பேர் விரும்பினால், பெற்றோரின் முன்னிலையில் திருவுளச்சீட்டு எடுத்து 20 பேரைத் தெரிந்து, மற்றவர்களுக்கு அடுத்த தவணையில் முதலிடம் என்று அறிவிக்கலாம். அந்த ஒரு தவணைக் காலத்துக்கு, ஒப்பிடத் தகுந்த இரண்டு குழுக்கள் நம் கையில் இருக்கும். ஒப்பிடும்போது சீட்டு விழுந்த 20 பேரையும், அவர்களுள் இடையில் நின்றவர்களையும் சேர்த்தே, சீட்டு விழாத 25 பேரோடு ஒப்பிட வேண்டும். இடையில் நின்றவரைக் கழித்துவிட்டால் சீட்டுப் போட்ட பயன் போய்விடும். எல்லாருக்கும் இடமிருந்தால் எவரையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். ஆய்வுக்காக ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியதை மறுப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் இடம் போதாதபோது அதிபருக்குத் தெரிந்தவரின் பிள்ளை, முன் வாங்கில் இருக்கும் பிள்ளை என்று தெரிவதைவிடச் சீட்டு நேர்மையானது என்பதைப் பெற்றோர் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சீட்டுப் போட முடியாத முயற்சிகளும் உண்டு. காலை உணவை ஒரு வகுப்புக்குள் பாதிப் பேருக்கு மட்டும் கொடுக்க முடியாது. அப்போது ஒரே கோட்டத்தில், ஒத்த வகையைச் சேர்ந்த, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையுள்ள அயற்பாடசாலை ஒன்றின் அதிபரிடம் பேசி, இரண்டு பாடசாலைகளிலும் ஒரே நாளில் ஒரே அளவீட்டைச் செய்துகொள்ளலாம். சீட்டு அளவுக்கு இது உறுதியானதல்ல என்றாலும், தன் பாடசாலையின் சென்ற ஆண்டை மட்டும் வைத்து ஒப்பிடுவதைவிட நல்லது, ஏனெனில் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை மிகப் பல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, 2020 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021 ஆம் ஆண்டுக்குரியது 2022 மே மாதத்திலும், 2022 ஆம் ஆண்டுக்குரியது 2023 மே மாதத்திலும் நடந்தன. இணைய வழிக் கற்றலுக்குச் சமிக்ஞை கிடைக்காமல் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறி நின்ற காலமும், எரிபொருள் இல்லாமல் ஆசிரியர்கள் வர முடியாதிருந்த காலமும் அவற்றுக்குள் அடங்கும். அந்த ஆண்டுகளில் எந்த இரண்டையும் நேராக ஒப்பிட்டு ஒரு திட்டத்தைப் புகழ்வதோ பழிப்பதோ நியாயமாகாது.

தேசியப் பரீட்சையை மட்டும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் தொகையை வைத்து ஆரம்பப் பிரிவு முழுவதையும் எடை போடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வழங்கப்படும் புலமைப்பரிசில்களின் தொகை வரையறுக்கப்பட்டது. வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடும். மாவட்டத்திலுள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் முன்னேறினால் வெட்டுப்புள்ளியும் சேர்ந்து உயர்வதால் உங்கள் பாடசாலையின் தொகை அப்படியே நிற்கும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளியும் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுவதே. இவை பிள்ளைகளைத் தெரிவு செய்வதற்காக உண்டாக்கப்பட்ட அளவுகள். ஒரு பிள்ளை சென்ற ஆண்டைவிட எவ்வளவு கற்றது என்பதைச் சொல்வதற்கானவை அல்ல. சாதாரண தரத்தில் 35 புள்ளிக்குச் சாதாரண சித்தி கிடைக்கிறது. 12 புள்ளியிலிருந்து 31 க்கு முன்னேறிய பிள்ளை பெறுபேற்றுப் பட்டியலில் இன்னும் சித்தியடையாதவர்தான். 34 இலிருந்து 36 க்கு வந்தவர் சித்தியடைந்தவராகிவிடுகிறார்.

ஆகவே உங்களுக்கென்று ஒரு சிறிய அளவீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பப் பிரிவில் வாசிப்புக்கு ஒரே தாள் போதும்: சில எழுத்துகள், சில சொற்கள், நான்கு வரிப் பந்தி, ஒரு சிறு கதை. பிள்ளையைத் தனியே அழைத்து, உரத்து வாசிக்கச் சொல்லி, எந்தப் படி வரை தடையின்றி வாசிக்கிறது என்று குறிக்க வேண்டும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் இந்த முறையிலேயே கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பை அளந்து வருகிறது. ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடங்களே ஆகும். பந்தியும் கதையும் பிள்ளைகள் மனனம் செய்த பாடநூலிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கக் கூடாது.

கணிதத்தில் விடை சரியா பிழையா என்பதைவிட எந்தப் பிழை என்பது முக்கியம். 503 இலிருந்து 178 ஐக் கழிக்கச் சொன்னால் 475 என்று எழுதும் பிள்ளைகளை இரண்டாம் நிலைத் தரங்களிலேயே நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள்: ஐந்தில் ஒன்று போனால் நான்கு, ஏழில் பூச்சியம் போனால் ஏழு, எட்டில் மூன்று போனால் ஐந்து. சரியான விடை 325. இந்தப் பிள்ளைக்கு இடமதிப்பும் கடன் வாங்குதலும் விளங்கவில்லை; இவரிடம் தரம் 11 இன் மாதிரி வினாத்தாள்களைக் குவிப்பதால் ஒன்றும் ஆகாது. இந்த ஒரே கணக்கைத் தவணையின் தொடக்கத்திலும் முடிவிலும், இலக்கங்களை மாற்றிக் கொடுத்து, அந்தப் பிழையை விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், பரீட்சைப் பெறுபேறு ஓர் ஆண்டு கழித்தும் சொல்லாத செய்தி பத்து வாரத்தில் கிடைத்துவிடும்.

திருத்துவது பற்றியும் ஒரு சொல். வகுப்பை நடத்தியவரே விடைத்தாளைத் திருத்தினால், எவ்வளவு நேர்மையானவராயினும், தான் உழைத்த பிள்ளையின் அரைகுறை விடைக்குக் கை தானாக அரைப் புள்ளி கூட்டும். பெயரை மறைத்து எண் மட்டும் இட்ட தாள்களை வேறு ஆசிரியர் ஒருவர் திருத்த வேண்டும். தொடக்கத் தாள்களையும் முடிவுத் தாள்களையும் கலந்து கொடுத்தால் எது எப்போது எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியாது.

எண்ணிக்கை சிறிதாயின் தற்செயல் பெரிதாகும்

தோட்டப் பாடசாலைகளில் பரீட்சைக்குத் தோற்றும் அணி பல இடங்களில் மிகச் சிறியது. 12 பேர் தோற்றுகிறார்கள், ஒவ்வொருவரும் சித்தியடைவதற்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணித்துப் பார்ப்போம். பாடசாலையில் எதுவுமே மாறாவிட்டாலும், ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை 9 பேரோ அதற்கு மேலோ சித்தியடைவார்கள், அல்லது 3 பேரோ அதற்குக் குறைவோதான் சித்தியடைவார்கள். சென்ற ஆண்டைவிட மூன்று பேரோ அதற்கு மேலோ கூடுதலாகச் சித்தியடைவது, அதாவது 25 சதவீதப் புள்ளி உயர்வு, எந்த முயற்சியும் இல்லாமலே ஆறரை தடவைக்கு ஒரு முறை நிகழும். 12 தடவை நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே இது விளங்கும். 120 பேர் தோற்றும் நகரப் பாடசாலையில் இதே ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 41 க்கும் 59 சதவீதத்துக்கும் இடையில் அடங்கிவிடும். ஆகவே வலய மட்டத்தில் சதவீதப் பட்டியல் வெளிவரும்போது மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் சிறிய பாடசாலைகளே நிற்பதில் வியப்பில்லை. ஓர் ஆண்டு மேலே வந்ததற்காக ஓர் அதிபரைப் பாராட்டுவதும், மறு ஆண்டு கீழே போனதற்காக அதே அதிபரை விளக்கம் கேட்பதும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு நாம் செய்யக்கூடியது, மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்து எண்ணுவது, அல்லது ஒரே முயற்சியைச் செய்யும் நான்கைந்து பாடசாலைகளின் எண்ணிக்கையை ஒன்றாகச் சேர்ப்பது. சித்தி, சித்தியின்மை என்ற இரண்டே கூறாகப் பார்க்காமல் ஒவ்வொருவரின் புள்ளியையும் எடுத்துக்கொள்வதும் உதவும்.

தற்செயல் இன்னொரு வழியாகவும் நம்மை ஏமாற்றும். முதலாம் தவணையில் ஆகக் குறைந்த புள்ளி பெற்ற பத்துப் பேரைத் தெரிந்து அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்துகிறோம். இரண்டாம் தவணையில் அவர்களில் பலரின் புள்ளி கூடிவிடுகிறது. அந்தப் பத்துப் பேருக்குள் உண்மையிலேயே பின்தங்கியவர்களோடு, அன்று காய்ச்சலோடு எழுதியவரும், முதல் நாள் இரவு வீட்டில் சண்டை நடந்து உறங்காதவரும் இருப்பார்கள். அவர்கள் வகுப்பு இல்லாமலே தம் வழமையான நிலைக்குத் திரும்புவார்கள். இதைத் தவிர்க்க, ஒரு சோதனையை வைத்துப் பிள்ளைகளைத் தெரிந்த பின், வகுப்பு தொடங்குவதற்கு முன் அவர்களுக்கு இன்னொரு சோதனை வைத்து, அந்த இரண்டாவது புள்ளியையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ள வேண்டும்.

பெயர்ப்பட்டியலை முதல் நாளிலேயே மூடிவிடுங்கள்

என் அனுபவத்திலிருந்து நான் மிகவும் வலியுறுத்துவது இதுவே. முயற்சி தொடங்கும் நாளில் பதிவேட்டிலுள்ள எல்லாப் பெயர்களையும், அன்று வராதவர்களையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு வைத்துவிடுங்கள். முடிவில் எந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டாலும் அந்தத் தாளிலுள்ள தொகையே வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். விலகியவர் ஒவ்வொருவருக்கும் எதிரே மாதமும் காரணமும் எழுதுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு, அது எனக்குக் கூடுதல் கவலை தருவது. காலை உணவு கொடுத்தோ, ஆசிரியர் லயத்துக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசியோ, வேலைக்குப் போகவிருந்த ஐந்து பிள்ளைகளை ஒரு பாடசாலை தடுத்து நிறுத்தி, பரீட்சைக்கு அமர வைக்கிறது என்று கொள்வோம். அந்த ஐவரில் ஒருவர் சித்தியடைந்து நால்வர் தவறினால் பாடசாலையின் சித்திச் சதவீதம் இறங்கும். முன்பு 25 பேரில் ஐவர் விலகிய பின் 20 பேர் தோற்றி 12 பேர் சித்தியடைந்தது 60 சதவீதம். இப்போது 25 பேர் தோற்றி 13 பேர் சித்தியடைந்தது 52 சதவீதம். மேலே உள்ளவர்களுக்குத் தெரிவது இறக்கம் மட்டுமே. பலவீனமான பிள்ளையைப் பாடசாலையின் கணக்கில் சேராத தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றச் சொல்லும் வழக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் இந்தச் சதவீதத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கும். மூடிய பெயர்ப்பட்டியலை வைத்து 25 இல் 12, 25 இல் 13 என்று கணக்கிட்டால் மட்டுமே அந்தப் பாடசாலை செய்த நல்ல வேலை வெளியே தெரியும்.

வரவும் அடைவும் இருவேறு விடயங்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கென்யாவில் பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுத்த புகழ்பெற்ற ஆய்வில் வரவு கூடியது. சோதனைப் புள்ளி கூடவில்லை. காலை உணவால் உங்கள் பாடசாலையில் வரவு கூடினால் அதுவே பெரிய நன்மை. அதை வரவு என்றே எழுதுங்கள்.

வெளியூர்ச் சான்றுகளை எடுத்துக்கொள்வது எப்படி

அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 1985 இல் தொடங்கி நான்கு ஆண்டுகள், 79 பாடசாலைகளில், பிள்ளைகளைச் சீட்டு முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் கொண்ட வழமையான வகுப்புகளுக்கும் பிரித்துக் கற்பித்தார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகள், அவர்களுள்ளும் குறிப்பாக வறிய வீட்டுப் பிள்ளைகள், கூடுதலாகக் கற்றார்கள். அதை நம்பி 1996 இல் கலிபோர்னியா மாநிலம் ஆரம்ப வகுப்புகளை ஒரே வீச்சில் 20 பேராகக் குறைத்தபோது ஆசிரியர் பற்றாக்குறை ஏற்பட்டு, தகைமை பெறாதவர்கள் பெருந்தொகையாக வகுப்புகளுக்குள் வந்தார்கள். கிடைத்த பயனைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாமற் போயிற்று. பத்தனை ஸ்ரீபாத கல்விக் கல்லூரியிலிருந்து வெளிவரும் கணித, விஞ்ஞான ஆசிரியர்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நம் பாடசாலைகளுக்கு இதில் எச்சரிக்கை இருக்கிறது. ஒரு முயற்சியின் பெயரை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது. அது நடந்த இடத்தில் பின்னணியில் இருந்தவை இங்கே இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நமக்கு நெருக்கமானது 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய வகுப்புகள். அதே சுற்றுப்புறத்தைச் சேர்ந்த, இடைநிலைக் கல்வி முடித்த இளம் பெண்கள், தரம் 3 இலும் 4 இலும் பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்து அடிப்படை வாசிப்பையும் எண்ணையும் கற்பித்தார்கள். புள்ளிகள் தெளிவாகக் கூடின. ஆனால் வகுப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் அளந்தபோது அந்த உயர்வின் பெரும்பகுதி கரைந்திருந்தது. உயர்தரம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் யுவதிகள் நம் தோட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு இதைச் செய்யலாம், செய்தால் ஆறு மாதமும் ஓராண்டும் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே, 2006 இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித் திட்டத்தை ஹர்ஷ அத்துருபானவும் அவருடைய சகாக்களும் சீட்டு முறை ஒப்பீட்டோடு ஆராய்ந்தார்கள். முடிவெடுக்கும் பொறுப்பை அதிபர், பெற்றோர், பழைய மாணவர் அடங்கிய பாடசாலை மட்டக் குழுவிடம் கொடுப்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. தரம் 4 இல் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் புள்ளி கூடியது, தாய்மொழியில் கூடவில்லை, தரம் 8 இல் எந்தப் பாடத்திலும் கூடவில்லை. அதே ஆய்வில் அவர்கள் பார்த்த, பாடசாலைக்குப் பெறுபேற்று அட்டை வழங்கிய இன்னொரு திட்டத்தால் இரு தரங்களிலும் மாற்றம் இல்லை. “பயன் தந்தது” என்ற ஒரே சொல்லுக்குள் அடக்க முடியாத இப்படிப்பட்ட முடிவே பெரும்பாலும் உண்மையான முடிவாக இருக்கும். உங்கள் பாடசாலையிலும் ஒரு தரத்தில் பயன் இருந்து மற்றொரு தரத்தில் இல்லாதிருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

ஆசிரியர் இடமாற்றத்தோடு பாடசாலையின் நினைவும் போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தோற்ற அதே முயற்சியைப் புதிதாக வந்தவர் புது உற்சாகத்தோடு மீண்டும் தொடங்குவார். அவரைத் தடுக்கவோ திருத்தவோ ஒரு வரி கூடப் பாடசாலையில் இருக்காது. ஆகவே தொடங்கும் முன்பே, சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதிவிடுங்கள்: என்ன செய்யப் போகிறோம், யாருக்கு, எத்தனை வாரம், எந்தத் தாளால் அளப்போம், எவ்வளவு உயர்ந்தால் தொடர்வோம், உயராவிட்டால் எப்போது நிறுத்துவோம். இந்தப் பக்கம் முன்கூட்டி எழுதப்படாவிட்டால், முடிவு வந்த பிறகு நமக்குச் சாதகமான பாடத்தையும் சாதகமான தரத்தையும் தேடி எடுத்துக் காட்ட மனம் போகும், எனக்கும் போயிருக்கிறது.

முடிவில் அதே பக்கத்தின் கீழே, முதல் நாளில் மூடிய பெயர்ப்பட்டியலின் தொகை, விலகியவர் தொகை, தொடக்க அளவும் முடிவு அளவும், ஒப்பிட்ட குழுவின் அதே இரண்டு அளவுகள், அந்தக் காலத்தில் நடந்த பிற மாற்றங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். புதிய ஆசிரியர் வந்தது, நீண்ட மழையால் பாதை துண்டிக்கப்பட்டது, வேதனப் போராட்டத்தால் வீடுகளில் வருமானம் நின்றது போன்ற எதையும் விட்டுவிட வேண்டாம். நாங்கள் அந்த மாலை வகுப்பைப் பற்றி எழுதத் தவறிய பக்கத்தை, விலகிய எட்டுப் பெயர்களோடும், பிந்தியாவது எழுதி, பொன்னாடை போர்த்திய அதே பெற்றோர் கூட்டத்தில் வாசித்தேன். கூட்டம் முடிந்ததும் மேல் டிவிஷனிலிருந்து வந்திருந்த ஒரு தாய், வகுப்பை மாலையில் வைக்காமல் காலையில் பாடசாலை தொடங்குவதற்கு முன் வைக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த தவணையில் வகுப்பு காலை ஏழு மணிக்கு மாற்றப்பட்டது. அந்தப் பெயர்ப்பட்டியலை முதல் நாளிலேயே மூடினோம்.